கரைவலைப் பாட்டோடு ஒரு கல்யாணம்

"…காலுக்கு என்ன விளங்கும் மச்சான், அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் பின்னுக்கு வாறது மட்டுந்தான்" என்று நடுவீதியில் நின்று சொன்னார் என் மச்சான். மாலை அசர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரந்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முன்னுக்குப் போகவேண்டிய ஊர்வலம் முப்பது அடி பின்னுக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளையோ தான் இறங்கிய வேனின் கதவுக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாண வீட்டு வாசலில் கட்டிய தோரணம் கிட்ட வருவதற்குப் பதிலாகத் தூரமாகிக்கொண்டிருந்தது. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மச்சான் அடுத்ததாக என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதை இப்போதே சொன்னால் ஒரு வேடிக்கையாக மட்டும் போய்விடும். கொஞ்சம் பின்னுக்குப் போய்த்தான் வரவேண்டும். அன்றைக்கு எல்லோருக்கும் அதுதானே நடந்தது.

நான் தேத்தண்ணிக் கடைக்காரன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மிச்சப் படிப்பை என் கடை வாங்கில் உட்கார்ந்தவர்கள் படிப்பித்தார்கள். ஆராவது நல்லதாய் ஒரு வார்த்தை சொன்னால் பால்மாப் பெட்டியைக் கிழித்து உள்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது என் பழக்கம். ஒருநாள் தேத்தண்ணி மெலிந்துபோனதற்கு ஒரு கொத்தன், "தண்ணிக்கும் சாயத்துக்கும் இன்னும் கல்யாணப் பேச்சே தொடங்கல்ல போல" என்றான். அதை எழுதி வைத்திருக்கிறேன். அப்படி எழுதிய அட்டைகள் ஒரு பெரிய தகரப்பெட்டி நிறைய இருந்தன. பெட்டியும் கடையும் கடலோரத்தில் இருந்தபடியால் சுனாமியில் போயின. பித்தளைக் கேத்தல் மட்டும் அரை மைலுக்கு அங்கால் ஒருவரின் தென்னந்தோப்பில் கிடைத்தது. இப்போது இருப்பவை எல்லாம் அதற்குப் பிறகு எழுதியவை. மனிதர் வாயை மூடாதவரைக்கும் எனக்குச் சரக்குத் தட்டுப்பாடு இல்லை.

மச்சான் என் மூத்த ராத்தாவின், அதாவது அக்காவின், புருசன். இருபது வருசம் கரைவலையில் வடக்குக் கயிற்றின் தலைவராய் இருந்தவர். கரைவலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தோணியில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு நுனிக் கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டம் பிடித்து இழுக்கும். வடக்கில் பதினைந்து பேர், தெற்கில் பதினைந்து பேர். நடுவில், கடலுக்குள், மீன் சேரும் பை. அதை மடி என்பார்கள். மடி கரைக்கு வர இரண்டு மணித்தியாலம் போகும். அவ்வளவு நேரமும் ஒருவர் பாட, மற்றவர்கள் பதில் சொல்லிச் சொல்லி இழுப்பார்கள். அந்தப் பாட்டுக்கு அம்பா என்று பெயர்.

மச்சானுடைய குரலை நல்ல குரல் என்று சொன்னால் பொய். தகரத்தில் மணலைக் கொட்டுவது மாதிரி இருக்கும். ஆனால் அந்தத் தகரம் தட்டினால் முப்பது பேரின் கால் ஒன்றாய்ப் பெயரும். மடி கரையில் தட்டும்போது பாடுவதற்கென்று கடைசியாக ஒரு வரி உண்டு. "கரை கண்டுது மடி, கயித்த விடு." அதை அவர் மட்டுந்தான் சொல்லலாம். அவர் சொல்லாமல் ஒருவனும் கயிற்றிலிருந்து கை எடுக்கமாட்டான்.

சுனாமி வந்த காலையில் வலை பாதி வந்திருந்தது. கடல் பின்வாங்குவதை அவர்தான் முதலில் கண்டார். பாட்டை நிறுத்தினார். விட்டுவிட்டு ஓடுங்கடா என்று கத்தினார். வடக்குக் கயிற்றுக்காரர் எல்லோரும் தப்பினார்கள். தெற்குக் கயிற்றில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை. வீட்டைக் கடல் கொண்டுபோனது. ராத்தாவும் மகளும் பெரிய வீதிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குச் சமைக்கப் போயிருந்ததால் பிழைத்தார்கள்.

அதற்குப் பிறகு மச்சான் கடல்பக்கம் திரும்பவேயில்லை. இறக்காமம் என்ற வயல் ஊரில் ஒரு போடியாரின், பெரிய நிலக்காரரின், வயலுக்குக் காவலுக்குப் போனார். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வீட்டுக்கு வருவார். அங்கே யானை வரும். மற்றக் காவல்காரர்கள் தொண்டை கிழியக் கத்தி விரட்டுவார்கள். இவர் வாய் திறக்காமல் வெடியைக் கொளுத்திப் போடுவார் என்று கேள்விப்பட்டேன். என் ராத்தா சொல்வாள், "முப்பது பேர மேய்ச்ச வாய், இப்ப யானைக்கும் பயந்து கிடக்கு" என்று. ஏசிக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அவர் வரும் வெள்ளிக்கிழமைகளில் அடுப்படியில் சட்டி பானையைக் கொஞ்சம் பலமாகத்தான் வைப்பாள், வீட்டில் சத்தம் இருக்கட்டும் என்று.

அந்தப் போடியாரின் மகன்தான் பிறகு மாப்பிள்ளை. காவல்காரரின் ஒழுக்கத்தைக் கண்டு போடியாரே கேட்டு வந்தார்.

எங்களுக்குக் கடலோரத்தில் திரும்ப வீடு கட்ட அனுமதி கிடைக்கவில்லை. வயலை நிரப்பிக் கட்டிய வீட்டுத்திட்டத்தில் வீடு தந்தார்கள். அதைக் கட்டிய வெளிநாட்டு நிறுவனத்தின் கந்தோரில்தான் என் மருமகளுக்கு, அதாவது ராத்தாவின் மகளுக்கு, மொழிபெயர்க்கிற வேலை. திட்டத்தின் வாசலிலேயே என் கடை. அங்கே ஒரு பெண் இன்ஜினியர் இருந்தா. ஸ்கொட்லாந்துக்கு மேற்கே ஏதோ ஒரு தீவுக்காரி. பகலில் இரண்டு பேரும் என் கடைக்குப் பால் விடாத பிளேன்டி குடிக்க வருவார்கள். அந்தப் பெண் சீனியைக் கையில் கொட்டி நக்கிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் பழகிக்கொண்டா. எங்கள் ஊராள் ஆகிவிட்டா என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

யுத்தம் முடிந்த வருசம் அது. அந்தப் பெண்ணுக்கும் அந்த வருசந்தான் கல்யாணம், அவவுடைய ஊரில். சும்மா கல்யாணம் இல்லையாம். நானூறு வருசத்துக்கு முந்திய உடுப்பு, மெழுகுதிரி வெளிச்சம், மேசையில் முழு ஆடு, எல்லாமே அந்தக் காலத்து மாதிரி. பாட்டும் பழைய தீவுப் பாட்டு மட்டுந்தான், மின்சாரத்தில் ஓடும் வாத்தியம் ஒன்றும் கூடாது. பன்னிரண்டு பாட்டைக் கணினியில் போட்டு வைத்துக்கொண்டு எதை விடுவது, எதை எடுப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தா. ஐந்து பாட்டுத்தான் வேண்டும். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, மற்றவை சாப்பாட்டுக்கும் ஆட்டத்துக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கடையில் வைத்து எல்லாப் பாட்டையும் எங்களுக்குப் போட்டுக் காட்டினா. ஒரு பாட்டில் தோல்பையில் காற்றை அடைத்து ஊதும் வாத்தியம் ஒன்று வந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் கிட்டுகிறது என்று தெரிந்துகொண்ட ஆடு போடும் சத்தம் அது. அதைச் சொன்னேன். மருமகள் மொழிபெயர்த்தாள். அந்தப் பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தா.

மச்சான் மூலை வாங்கில் உட்கார்ந்து பாண் ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பாட்டில் பெண்கள் மட்டும் பாடினார்கள். பாணை வாயில் வைத்தபடியே, இது பொம்பிளைகள் எதையோ பலகையில் போட்டு அடிக்கிற பாட்டு என்றார். மருமகள் அதைச் சொன்னதும் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தா. மெய்தானாம். நனைந்த கம்பளித் துணியைச் சுற்றி உட்கார்ந்து அடித்துப் பதப்படுத்தும்போது பாடுவதாம். நாலாவது பாட்டு வந்தது. மச்சான் பாணைக் கீழே வைத்தார்.

"இது கயிறு. என்ன கயிறு எண்டு தெரியா, ஆனாக் கயிறுதான். அந்த ரெண்டாவது சத்தத்தில இழுக்கிறானுகள்."

கப்பலில் பாயை ஏற்றும் கயிறாம். பாஷை தெரியாத மனிசன் அதைச் சொன்னதும் கடையில் எல்லோரும் தேத்தண்ணியை மறந்துபோய் அவரைப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண் ஒவ்வொரு பாட்டாய் அவரிடமே கேட்கத் தொடங்கினா. இது ஆட்டத்துக்கு நல்லம். இது வேண்டாம், பாடுறவனுக்கே நித்திரை வருகுது. இப்படிப் போனது. ஏழாவது பாட்டுத்தான் அந்தப் பெண்ணின் உயிர். தான் உள்ளே நடந்து வருவதற்கு என்று வைத்திருந்தா. மச்சான் கேட்டு முடிய, தலையை ஆட்டி, இது கல்யாணத்துக்கு வேண்டாம், இது ஆரோ கடலுக்குப் போய்த் திரும்பி வராததுக்குப் பாடுறது என்றார். அது திரும்பி வராத ஒரு தோணியின் பாட்டுத்தான், மெட்டு நல்லாயிருந்தபடியால் அதை நினைக்கவில்லை என்று அந்தப் பெண் ஒத்துக்கொண்டா. பேனையை எடுத்து ஏழாவதை வெட்டினா. நாலாவதை வெளியே போகும் பாட்டாக எழுதினா. ஸ்கொட்லாந்தில் ஒரு கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுத்திட்டத்து மூலை வாங்கிலிருந்து பாட்டுத் தெரிவு செய்து கொடுக்கப்பட்டது. இதை நான் இன்னும் பலபேருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு அந்தப் பெண் போனபிறகு மருமகள் போகவில்லை. வாப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அவட கலியாணத்துக்குப் பாட்டுத் தெரிஞ்சு குடுத்தீங்க. என்ர கலியாணத்துக்கு என்ன பாட்டு வாப்பா?"

போடியார் பக்கத்தில் கோல் அடித்து ஆடும் களிகம்பு ஆட்டக்காரர் இருக்கிறார்களே, அவர்களைக் கூப்பிடுவோம் என்றார் இவர். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் அவர்களுடைய கல்யாணத்துக்கு ஆடட்டும், மாப்பிள்ளையைக் கூட்டி வருவது பெண்வீட்டார், பெண்வீட்டாரின் பாட்டு அம்பா என்றாள். மச்சான் எழும்பிப் போய்விட்டார். பாதிப் பாண் கிளாசுக்குள் ஊறிக்கிடந்தது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் அவரைக் கூட்டி வரும் ஊர்வலம் பெண்வீட்டாருக்குப் பெரிய மரியாதை. யுத்த காலத்தில் அதெல்லாம் இல்லாமல் போயிருந்தது. என்னுடைய கல்யாணத்துக்கு நான் சைக்கிளில் போனேன். சோதனைச் சாவடியில் இறக்கி, தலைப்பாகைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். தலை என்றேன். சிரிக்கவில்லை, அவிழ்த்துப் பார்த்தார்கள். இப்போது சாவடியில் இருந்த தகரமெல்லாம் கழற்றியாகிவிட்டது. நூறு பேர் கூட்டமாய் வீதியில் நடந்தாலும் ஆரும் ஏனென்று கேட்பதில்லை. அப்படி ஒரு வருசத்தில் என் மருமகளின் கல்யாணம். அவள் கேட்டதில் பிழை இல்லை.

ராத்தா என்னைக் கூப்பிட்டு, பாட்டுப் பொறுப்பு உனக்குத்தான் என்றாள். உன் மச்சானின் வாயைத் திறக்கப்பண்ணு, இல்லாவிட்டால் உன் கடையில் கதைக்கிற கதையெல்லாம் என்ன கதை என்று ஒரு குத்தும் குத்தினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மச்சானோடு தனியாக உட்கார்ந்தேன். நான் கேட்கு முன்னமே அவர் சொன்னார்:

"தெற்குக் கயித்தில நிண்டவனுகள் என்ர பாட்டுக்குப் பதில் சொல்லிக்கிட்டு நிண்டானுகள் மச்சான். அதால நான் கத்தின அவனுகளுக்குக் கேக்கல்ல. என்ர பாட்டுத்தான் அந்த ரெண்டு பேரையும் புடிச்சு வச்ச. அத எடுத்து புள்ளேர கலியாணத்துக்குப் பாடச் சொல்றா."



சும்மா இருக்கத் தெரியாதபடியால் வேறு வேலை செய்தேன். பழைய கூட்டத்தைத் தேடிப் போனேன். ஒருவன் ஐஸ் லொறியில் போகிறான், ஒருவன் கொத்தனுக்குக் கையாள், இரண்டு பேர் சவளக்கடைப் பக்கம் வயலில் அரிவி வெட்டுகிறார்கள். ஒவ்வொருவனும் ஒரே பதில்தான் சொன்னான்: அவர் பாடினால் நாங்கள் வருவோம். போடியாரிடமும் போய்க் கேட்டேன். மீன் இழுக்கிற பாட்டுக்கு நெல்லுக்காரன் வருவானா என்று கேட்டுவிட்டு, வருவான் வருவான், சாப்பாடு நல்லாயிருந்தால் எந்தப் பாட்டுக்கும் வருவான் என்று அவரே சொன்னார். பள்ளிவாசலில் ஒரு பெரியவர் வாத்தியம் கூடாது என்றார். வாத்தியம் இல்லை ஹாஜியார், வேர்வை மட்டுந்தான் என்றேன். அப்படியென்றால் அது தொழில், செய்யுங்கள் என்று விட்டார்.

எல்லாம் சரி, பாடுகிறவர் மட்டும் இல்லை.

என் கடைக்குக் காலையில் இடியப்பம் கொண்டுவந்து போடுவது, எல்லோரும் ராத்தா என்று கூப்பிடும் ஒரு பெண். தெற்குக் கயிற்றில் போன இருவரில் ஒருவரின் மனைவி. மூன்று பிள்ளைகளையும் இடியப்பத்தாலேயே வளர்த்தவ. ஒரு வெள்ளிக்கிழமை காலை அவ பெட்டியை இறக்கி வைக்கும்போது மச்சான் உள்ளே இருந்தார். வழக்கமாக இவர் அவவைக் கண்டால் எழும்பிப் போய்விடுவார். அன்றைக்கு வாசலை அடைத்துக்கொண்டு அவ நின்றபடியால் போக வழி இல்லை. நான் அம்பாவைப் பற்றி எல்லோரிடமும் கேட்டுத் திரிவது அவவுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம், அப்படிக் கூப்பிட்டுச் சொன்னா.

"காக்கா, ஒங்கட சத்தத்த வச்சுத்தான் நான் ஒவ்வொரு நாளும் அடுப்புப் பத்த வைக்கிற. வலை எவ்வளவு கிட்ட வந்திரிக்கி எண்டு எனக்கு அடுப்படியிலேயே தெரியும். அண்டைக்கு அது பாதியில நிண்டிச்சி. ஒரு நாளும் பாதியில நிக்காத சாமான் நிண்டா என்ன? புள்ளைகள் மூண்டையும் இழுத்துக்கிட்டு ரோட்டுக்கு ஓடின. ரோட்டுக்கு ஏறின பொறவுதான் தண்ணி வந்த."

மச்சான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ இடியப்பத்தை எண்ணாமலே தட்டில் அடுக்கினா.

"அவருக்குக் கேக்கல்ல தான். எனக்குக் கேட்டிச்சி. எங்கட ஒழுங்கையில எத்தின பேருக்குக் கேட்டிச்சி எண்டு ஒங்களுக்கு ஆரும் சொல்லல்லயா?"

ஆரும் சொல்லியிருக்கவில்லை. நானும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். பால்மாப் பெட்டியைத் தேடவில்லை. சிலதை எழுதத் தேவையில்லை. மச்சான் எழும்பி, அவவுடைய பெட்டியைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்துக்கொடுத்தார். பிறகு என்னிடம் வந்து, எத்தனை பேர் வாறானுகள் என்று கேட்டார். பதினொரு பேர் என்றேன். "தெற்குப் பக்கத்துக்கும் ஆள் வேணும்" என்றார்.

அதற்குப் பிறகு என் கடை கடையாக இருக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்திய மூன்று வெள்ளிக்கிழமையும், ஆள் சேர்ந்து, மச்சானோடு பதினேழு பேர் வாங்கு, கதிரை, சீனி மூட்டை எல்லாவற்றிலும் உட்கார்ந்து பாட்டுத் தெரிவு செய்தார்கள். அம்பாவில் நூற்றுக்கணக்கில் வரிகள் உண்டு. அவற்றில் கல்யாணத்துக்கு ஆகுமானவை எவை என்று தேடத் தொடங்கிய பிறகுதான் எங்கள் ஆட்கள் கடற்கரையில் இத்தனை வருசமாக என்ன பாடியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. பாதி வரிகளில் மாமியாரைத் திட்டுகிறார்கள். கால்வாசியில் மீன் வாங்க வரும் முதலாளியை. மிச்சத்தில் சிலதை நான் இங்கே எழுத முடியாது, போடியார் இதைப் படிக்கக்கூடும். மாமி வரி ஒன்றையாவது வைப்போம் என்று ஐஸ் லொறிக்காரன் அடம்பிடித்தான். என் ராத்தா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். வரி வெட்டப்பட்டது.

கடைசியில் நின்றவை சுத்தமான வரிகள். அல்லாஹ்வைப் புகழ்ந்து தொடங்கும். பிறகு, "வடக்குக் கயிறு வந்திட்டுது, தெற்குக்கு இன்னும் நித்திரையோ" என்று இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று சீண்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு மடியின் பாரத்தைப் பாடும் வரிகள். மச்சானின் தகரக் குரல் முதல்நாள் துருப்பிடித்துத்தான் வந்தது. இரண்டாம் வெள்ளி வீதியில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். மூன்றாம் வெள்ளி எதிர்க்கடைக்காரன் தன் ரேடியோவை நிற்பாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

ஒரு வரியை மட்டும் அவர் ஒருநாளும் பாடவில்லை. மடி கரையில் தட்டும் வரி. அது வரும் இடத்தில் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். எவனும் ஏனென்று கேட்கவில்லை. அந்த வரியைச் சொல்லாமல் போனதிலிருந்து அந்த வலை அவருக்கு இன்னும் கடலுக்குள்தான் கிடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

நாங்கள் விட்ட பிழை வேறு. பதினேழு பேரும் மூன்று வெள்ளியும் உட்கார்ந்தே பாடினார்கள்.

கல்யாண நாள் மாப்பிள்ளை வீட்டார் இறக்காமத்திலிருந்து மூன்று வேனில் வந்து சந்தியில் இறங்கினார்கள். அங்கேயிருந்து பெண்வீடு முந்நூறு அடி. மாப்பிள்ளை தலைப்பாகையும் பூமாலையுமாக, பக்கத்தில் ஒருவர் குடை பிடிக்க நின்றார். அவருக்கு முன்னால் எங்கள் பதினாறு பேரும் வெள்ளைச் சாரனும் வெள்ளைச் சேர்ட்டுமாக, பெண்வீட்டைப் பார்த்து இரண்டு வரிசையாய் நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் மச்சான், தோளில் புதுச் சால்வை. ராத்தா வீட்டுக்குள் பெண்ணுக்குப் பக்கத்தில். யன்னலெல்லாம் முகங்கள்.

மச்சான் தொடங்கினார். அந்த வீதி அப்படி ஒரு சத்தத்தை அதுவரை கேட்டதில்லை. பதினாறு பேரும் பதில் சொன்னார்கள். பதில் சொன்ன அதே மூச்சில் பதினாறு பேரும் ஒரு அடி பின்னுக்கு வைத்தார்கள்.

கரைவலை இழுக்கிறவன் கடலைப் பார்த்துக்கொண்டு பின்னுக்குப் பின்னுக்குத்தான் நடப்பான். ஊர் எப்போதும் அவன் முதுகுக்குப் பின்னால். இருபது வருசமாக அந்தப் பாட்டுக்கு அந்தக் கால் அந்தப் பக்கம்தான் போயிருக்கிறது. ஒரு சீண்டல் வரி வந்தது. இன்னொரு அடி பின்னுக்கு. ஐஸ் லொறிக்காரன் குடைக்காரரின் காலை மிதித்தான். வலுக்கட்டாயமாக முன்னுக்கு நடக்கப் பார்த்தால் பாட்டு வாயில் உடைந்தது, பாட்டைப் பிடித்தால் கால் பின்னுக்குப் போனது. இதைவிடப் பெரிய கூத்து, மாப்பிள்ளை வீட்டார் செய்தது. அவர்கள் வயல்காரர், கடல்பக்கத்து வழக்கம் தெரியாதவர்கள். போடியார் தன் ஆட்களிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது: "இது இவங்கட முறை போல, நாமளும் பின்னுக்குப் போவம்." மரியாதையாக, ஒழுங்காக, குடையோடும் மாலையோடும் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த மனிசர் வேன் வரைக்கும் பின்னால் நடந்தார்கள்.

பாட்டு நின்றது. மதில் மேல் சிரிப்பு. பாதியில் நின்ற பாட்டு அந்த மனிசனுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய், மச்சான், காலை முன்னுக்கு வைக்கச் சொல்லுங்க என்றேன். அவர் தன் ஆட்களின் கால்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் நான் பயந்த எதுவும் இல்லை.

"பாட்டுக்கு வாயத்தான் பழக்கினம், காலுக்கு என்ன விளங்கும் மச்சான், அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் பின்னுக்கு வாறது மட்டுந்தான்" என்றார்.

சொல்லிவிட்டுத் திரும்பினார். மகளின் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மாப்பிள்ளையைப் பார்த்து நின்றார். பதினாறு பேரையும் தன் பக்கத்துக்கு வரச் சொல்லி, எட்டுப் பேரை வீதியின் வடக்கு ஓரத்திலும் எட்டுப் பேரைத் தெற்கு ஓரத்திலும் நிறுத்தினார். தோள் சால்வையை எடுத்து முறுக்கினார். வடக்கு வரிசைக்குத் தலையில் நின்றுகொண்டு ஒரு நுனியைத் தன் கையில் சுற்றினார், மறு நுனியை மாப்பிள்ளையிடம் கொடுத்து இறுக்கிப் பிடி மகன் என்றார். தெற்கு வரிசைக்குக் குடைக்காரரின் சால்வை போனது, பதினாறு பேரும் எட்டிய இடத்தில் அதிலும் இதிலும் கை போட்டார்கள். மாப்பிள்ளை இரண்டு கையிலும் இரண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார், மடி மாதிரி.

மச்சான் குதிக்காலை ஊன்றி, தொடக்கத்திலிருந்து பாட்டை எடுத்தார். பதினாறு பேரும் பதில் சொன்னார்கள், பின்னுக்கு ஒரு அடி வைத்தார்கள், மாப்பிள்ளை முன்னுக்கு ஒரு அடி வந்தார். அடுத்த வரிக்கு மதில் மேல் நின்றவர்களும் பதில் சொன்னார்கள். தெற்குக்கு நித்திரையோ என்று இவர் கேட்க, தெற்கு வரிசை இழுத்த இழுவையில் மாப்பிள்ளையின் தலைப்பாகை சரிந்தது. போடியார் அதைப் பிடித்து வைத்துக்கொண்டே வாய் நிறையச் சிரித்தபடி வந்தார். வயல்காரரும் பதில் சொல்லப் பழகிவிட்டார்கள். இடியப்ப ராத்தா தன் வீட்டு வாசலில் நின்று நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டா, அது வீட்டுக்கு வீடு தாவிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனது. மச்சான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முந்நூறு அடியும் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, வழியை முதுகாலேயே தெரிந்துகொண்டு வந்தார், வாசல் நிலை அவருடைய தோள்பட்டையில் முட்டும்வரைக்கும்.

முட்டியதும் நின்றார். பதினாறு பேரும் கையை எடுக்காமல் நின்றார்கள். குரவை அடங்கியது. அவர் மாப்பிள்ளையின் காலைப் பார்த்தார், அது வாசற்படியில் இருந்தது.

"கரை கண்டுது மடி" என்றார். கொஞ்சம் நின்று, "கயித்த விடு" என்றார்.

எல்லோரும் விட்டார்கள். அவர் சால்வையை உதறி, முகத்தைத் துடைத்து, திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு, மருமகனின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.